ஏழுகண்மடைப் பேரூராட்சியின் ஈரச் செய்திகள்

ஏழுகண்மடைப் பேரூராட்சியின் வாட்ஸ்அப் குழுவில் முதல் வெள்ள எச்சரிக்கை வந்த அன்று, அதைத் திறந்து படித்த எல்லோருக்கும் முழங்கால் வரை நனைந்தது. தேங்காய் விலை ஏறிக் கிடந்த ஐப்பசி மாதம் அது. சலூனில் பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தவர், கூட்டுறவு வங்கியில் நகைக் கடனுக்கு நின்றவர்கள், அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டுப் போனைப் பார்த்த பெண்கள் என்று யாரும் தப்பவில்லை. வேட்டியும் சேலையும் பேன்ட்டும் சொட்டச் சொட்ட நனைந்து, கால்விரல் இடுக்கில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. மாடியில் இருந்தவர்களுக்கும் அதே அளவுதான். அன்று சாயங்காலம் வைகையில் தண்ணீர் வந்தபோது, பாலத்துக்குக் கீழே மாடுகள் கடக்கிற இடத்தில் அது சரியாக முழங்கால் உயரத்துக்கு ஓடியது. ஊர்க்காரர்கள் இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள். பேரூராட்சி இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறதே என்று சொல்லிக்கொண்டு துணியை மாற்றினார்கள்.

அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்தவள் ரூபினா. மதுரை சிம்மக்கல்லில் வீடு. பி.காம். படித்துவிட்டு, ஒப்பந்த ஊழியராகப் பேரூராட்சியில் சேர்ந்திருந்தாள். காலையில் வாடிப்பட்டி பஸ்ஸைப் பிடித்தால் வழியில் ஏழுகண்மடையில் இறங்கிக்கொள்ளலாம். வீட்டு வரி ரசீதும் பிறப்புச் சான்றிதழும் அடிக்கத்தான் அவளை எடுத்தார்கள். அவசரச் செய்திகளை மக்களுக்குச் சொல்ல வாட்ஸ்அப் குழுவும் ஃபேஸ்புக் பக்கமும் தொடங்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தபோது, அலுவலகத்தில் தமிழ் வேகமாக அடிக்கிறவள் அவள்தான் என்பதால் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. அதன் பிறகு வந்தவை எல்லாம் அந்த மாதிரிதான் இருந்தன. கத்திரி வெயில் எச்சரிக்கையைப் படித்தவர்களின் போன் கொதித்தது. சந்தையில் நாட்டுக் கோழி முட்டை விற்கிற ராமக்காள், போனின் மேல் சட்டியை வைத்து நான்கு முட்டைகளை அவித்துத் தின்றாள். வெறிநாய் பற்றிய செய்தியில் உறுமல் கேட்டது. ஒருவருக்கு வேட்டி கிழிந்தது. டெங்கு விழிப்புணர்வுச் செய்தியிலிருந்து ஆளுக்கொரு கொசு வெளியே வந்து, காதோரம் கொஞ்ச நேரம் பாடிவிட்டுக் கடிக்காமல் போனது.

செய்தி உண்மையாக இருந்தால்தான் இது நடக்கும் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. 'அனைத்து வார்டுகளிலும் தங்கு தடையின்றிக் குடிநீர் வழங்கப்படுகிறது' என்று ஒருமுறை போடச் சொன்னார்கள். ரூபினாவும் போட்டாள். அதிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. ஊரே போனைக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அதற்குப் பிறகு யாராவது எங்கிருந்தோ ஒரு புரளியை ஃபார்வேர்டு செய்தால், "ஈரம் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு குழு விசாரணைக்கு வந்தது. குழுவின் தலைவர் ஒரு பழைய செய்தியைத் திறந்து படித்து, பேன்ட்டைப் பிழிந்துகொண்டு, 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஈரமாக உள்ளது' என்று கோப்பில் எழுதிவிட்டு, வடையும் காபியும் சாப்பிட்டுப் போனார்.

ஆனால் இம்புட்டு வசதி இருந்தும், இரண்டு குறைகள் இருக்கத்தான் செய்தன. முதல் குறை, செயல் அலுவலர் ஹாலாஸ்யம். நல்ல மனிதர், ஓய்வு பெற இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, யாரையும் அதிர்ந்து பேச மாட்டார். மரியாதை விஷயத்தில் மட்டும் பிடிவாதம். எந்தச் செய்தியானாலும் 'மாண்புமிகு' என்று தொடங்கி, 'அவர்களின் மேலான ஆணைக்கிணங்க', 'அவர்களின் சீரிய வழிகாட்டுதலின்படி', 'அவர்களின் முன்னிலையில்' என்று மேலிருந்து கீழே எல்லோரையும் வணங்கி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். போன் திரையிலோ நான்கு வரிக்கு மேல் தெரியாது. 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினால்தான் நாயா, நெருப்பா, தண்ணீரா என்று தெரியும். மாண்புமிகுவைப் பார்த்ததும் யாரோ எதையோ திறந்து வைக்கிறார்கள் போல என்று பாதிப் பேர் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஏழுகண்மடையில் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தப் பாதிப் பேர்தான்.

இரண்டாவது குறையை யாராலும் திருத்த முடியாது. அது ஊரின் குணம். வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கிற வைகையில் தண்ணீர் வருகிறது என்று கேட்டால், இந்தப் பக்கத்து ஜனம் ஆற்றை விட்டு ஓடாது, ஆற்றைப் பார்க்க ஓடும். எச்சரிக்கையில் எம்புட்டு நனைகிறார்களோ அம்புட்டு வேகமாக ஓடினார்கள். இடுப்பு வரை நனைந்த வருஷம், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சூடமும் பூவும் எடுத்துக்கொண்டு, கரை கொள்ளாமல் கூட்டம். 'ஆற்றங்கரைக்கு வர வேண்டாம்' என்று ரூபினா அடித்த செய்தியைப் படித்துத்தான் வந்தோம் என்று அவளிடமே சொன்னார்கள். அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு நம்புகிற ஜனத்தை எப்படித்தான் காப்பாற்றுவது என்று அன்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனாள்.

அவள் கணவன் பரீத் அந்தக் குழுவிலேயே இல்லை. அவன் இலவம் பஞ்சுத் தலையணை வியாபாரி. சிம்மக்கல்லில் சரக்கு எடுத்து, சுற்று வட்டாரச் சந்தைகளில் விற்கிறவன். மனைவி அனுப்பிய இரண்டாவது வெள்ளச் செய்தியைத் தலையணை மூட்டையின் மேல் உட்கார்ந்து படித்ததில் அரை மூட்டை நாசமானது. அன்றே குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். "ரூபி, நீ சொல்றத வீட்ல வந்து சொல்லு, காய்ஞ்ச வாயால சொல்லு," என்றான். கோபமாக அல்ல, அவனுக்குக் கோபப்படத் தெரியாது. இன்னொன்றும் அவனுக்குத் தெரியாது. ஒருவர் பொருளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், நடுவில் விட்டுவிட்டு வரத் தெரியாது. ஒருமுறை கப்பலூர் தொழிற்பேட்டை வாசலில் முன்பின் தெரியாத ஒருவன், "பாய், வண்டியக் கொஞ்சம் பாத்துக்கங்க, வந்துர்றேன்," என்று மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே போனான். அவனுக்கு அன்று இரண்டு ஷிப்டு. பரீத் மறுநாள் காலை வரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அன்றுதான் ரூபினாவின் தங்கைக்கு நிக்காஹ். அந்தக் கதையை அவள் இன்றுவரை விட்டபாடில்லை.

ஏழுகண்மடைச் சந்தை வியாழக்கிழமை தோறும் வைகையின் நடுவில், மணலில் கூடும். ஊருக்குள் இருந்த சந்தைத் திடல் பேருந்து நிலையமான பிறகு வேறு இடம் அமையவில்லை. தார்ப்பாயைக் கட்டி, சாக்கை விரித்து, சாயங்காலம் பேரூராட்சி ஆள் விசில் ஊதுகிற வரை வியாபாரம் நடக்கும். அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. டீ குடிக்கவோ வேறு எதற்கோ போகிறவர், பக்கத்துக் கடைக்காரரிடம் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு அவர்தான் பொறுப்பு. சந்தை முடியும் வரை அந்தப் பொறுப்பு தீராது. முடிந்துவிட்டால் அவரவர் சரக்கு அவரவர் பாடு. இதை மீறினவர் யாரும் அங்கே இரண்டாவது வாரம் கடை போட்டதில்லை.

பெரிய கார்த்திகைக்கு முந்தின வியாழக்கிழமை. அந்த வருஷம் சமவெளியில் மழை பொய்த்து, ஆறு மட்டுமல்ல, ஊர்க் குழாய்களும் காய்ந்துபோயிருந்தன. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வந்தால் உண்டு. லாரிச் சத்தம் கேட்டால் சாவு வீட்டில் அழுகிறவர்கள்கூட எழுந்து குடத்தைத் தேடினார்கள். ஆற்றில் அகல் விளக்கும் பொரியுமாகச் சந்தை நிறைந்திருந்தது. ரூபினா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, மேற்கே தடுப்பணையில் காவல் இருக்கிறவர் போன் செய்தார்.

"ஏம்மா, மலையில பேய் மழை பேஞ்சிருக்கு. காட்டாறு பூராம் வைகையில விழுந்து தடுப்பணைக்கு மேல போகுது. அங்கன வந்து சேர ரொம்ப நேரம் ஆகாது. ஆத்துக்குள்ள ஆரும் இருக்காகளா?"

ரூபினா டப்பாவை மூடாமலே எழுந்தாள். ஆற்றுக்குள் பாதி ஊர் இருந்தது, பரீத்தும் இருந்தான். அறிவிப்பு சொல்லப் போகிற, மைக் கட்டிய பேரூராட்சி ஆட்டோ வாடிப்பட்டியில் ரிப்பேருக்கு நின்றது. பரீத்துக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. வியாபார நேரத்தில் அவன் போன் கல்லா டப்பாவுக்குள், டப்பா தலையணைகளுக்கு அடியில். அவசர அவசரமாக 'வைகையில் வெள்ளம் வருகிறது, ஆற்றுக்குள் இருப்பவர்கள் உடனே கரையேறவும்' என்று அடித்தாள். எதையும் குழுவில் போடுவதற்கு முன் எழுத்துப் பிழை பார்க்கத் தன் எண்ணுக்கே ஒருமுறை அனுப்பிக்கொள்வது அவள் பழக்கம். அனுப்பித் திறந்தாள். அடுத்த நொடி அவளுக்கு மூச்சு முட்டியது. கண்ணுக்கும் மூக்குக்கும் மேலே, உச்சந்தலைக்கும் மேலே செம்மண் தண்ணீர். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் வடிந்ததும் இருமி இருமி மணலைத் துப்பினாள். சாப்பாட்டு டப்பாவில் சோறு மிதந்தது.

சத்தம் கேட்டு ஹாலாஸ்யம் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். தலை முதல் கால் வரை சொட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார்.

"தலைக்கு மேல வருது சார். சந்தை பூராம் ஆத்துக்குள்ள இருக்கு."

அவர் கை பழக்க தோஷத்தில் மாண்புமிகு எழுதி வைத்திருந்த தாளைத் தேடியது. "அத வச்சா யாரும் படிக்க மாட்டாங்க சார்," என்றாள் ரூபினா. "வைக்காம அனுப்பினாலும் முடியாது. கைப்பிள்ளையோட நிக்கிறவ படிச்சா அந்தப் பிள்ளையும்ல மூழ்கும். மூச்சப் பிடிச்சுத் தப்பிச்சவங்களும் எம்புட்டு தண்ணி வருதுன்னு பாக்க அங்கனயே நிப்பாங்க. ஊருக்குள்ள இருக்குறவங்களும் எறங்கி வந்துருவாங்க." எட்டுக் கோடிப் பேருக்குச் செய்தி போகிற காலத்தில் எதிரே தெரிகிற ஆற்றில் நிற்கிற புருஷனுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஹாலாஸ்யம் தாளைக் கீழே வைத்தார். "ஆத்த விட்டு இந்த ஜனம் எதுக்கும்மா ஓடும்?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

அந்தக் கேள்விதான் வழி காட்டியது. ரூபினா தண்ணீர் லாரி ஓட்டுகிற ராம்கிக்குப் போன் போட்டாள். "ராம்கி, லாரிய பள்ளிக்கூட மேட்டுக்கு ஏத்துங்க."

"அக்கா, இன்னைக்கு நாலாவது வார்டு முறை. மாத்துனா மண்டைய ஒடச்சுருவாய்ங்க."

"ஒடைக்கட்டும். ஏத்திட்டு ஒரு ஹாரன் அடிங்க. அது நெசமாகாம நான் அனுப்ப முடியாது."

ஹாரன் கேட்கிற வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். கேட்டதும் ஹாலாஸ்யத்தைப் பார்த்தாள். "போடும்மா, போடு," என்றார். 'பள்ளிக்கூட மேட்டுக்குத் தண்ணி லாரி வந்துருச்சு' என்று போட்டாள். ஏழுகண்மடைப் பேரூராட்சியின் வரலாற்றில் மாண்புமிகு இல்லாமல் போன முதல் செய்தி அது. ஒரே வரி என்பதால் எல்லோரும் படித்தார்கள். படித்த ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு காலிக் குடம் வந்து உட்கார்ந்தது. பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று எல்லா நிறத்திலும் பிளாஸ்டிக் குடங்கள். ஆண் பெண் பார்க்கவில்லை. ரோந்துக்கு வந்த போலீஸ்காரர் இடுப்பிலும் ஒன்று இருந்தது. ஹாலாஸ்யத்துக்கு ஒரு மஞ்சள் குடம். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். இடுப்பில் குடம் இருந்தால் இந்த ஊர் ஜனம் யோசிப்பதில்லை. சந்தை அப்படியே எழுந்து மேட்டைப் பார்த்து ஓடியது.

ரூபினாவும் ஹாலாஸ்யமும் மேட்டுக்குப் போனபோது, லாரியைச் சுற்றி வழக்கமான சண்டை தொடங்கியிருந்தது. கைப்பிள்ளைக்காரிகள், பொரி விற்கிறவர்கள், வளையல்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் முகம் முகமாகத் தேடினாள். பரீத் இல்லை. ராமக்காளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராமக்கா, எங்க வீட்டுக்காரர் எங்க?"

"பாய்தான தாயி? அங்கனதான் இருக்காரு," என்றாள் ராமக்காள் நிம்மதியாக. "தண்ணி பிடிச்சுட்டு வாரோம், கடையப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வந்தேன். நான் மட்டுமா, எல்லாரும் அவருக்கிட்டதான் சொல்லிட்டு வந்தாக. அவரு ஒருத்தருக்குத்தான குடம் வரல."

ரூபினா மேட்டின் விளிம்புக்கு ஓடினாள். கீழே, பரந்த மணலில், ஆளே இல்லாத நாற்பது கடைகளுக்கு நடுவில் ஒரே ஒருவன் நடந்துகொண்டிருந்தான். ராமக்காளின் முட்டைக் கூடைக்கு வெயில் படாமல் சாக்கை இழுத்து விட்டான். யாருடைய கீரையையோ மேய வந்த ஆட்டை விரட்டினான். சத்தம் போட்டால் கேட்காத தூரம். ஊரே கை ஆட்டியது. எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அவனும் கை ஆட்டினான். விசில்காரர் விசிலை ஊதினார். தண்ணீர் லாரிக் கூட்டத்தில் விசில் ஊதுவது வழக்கம்தான் என்பதால் அவன் திரும்பக்கூட இல்லை. நான் போறேன் என்று மேட்டிலிருந்து ஆற்றுக்குப் போகும் படியில் இறங்கிய ரூபினா, நாலு படி இறங்கியதும் நின்றுவிட்டாள். தன் புருஷனை அவளுக்குத் தெரியும். வெள்ளம் என்று சொன்னால் வருவான், ஆனால் நாற்பது கடையையும் கட்டித் தூக்கிக்கொண்டுதான் வருவான். அதற்கு ஆற்றுக்குப் பொறுமை இருக்காது. மேற்கே வளைவில் கொக்குகள் கூட்டமாக எழும்பின. இந்த மனிதனை எனக்குத் திருப்பிக் கொடு அல்லாவே, ஒழுங்கான மனிதனாக இருந்ததற்காகவா எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

கேட்ட வாயாலேயே அடுத்ததையும் சொன்னாள். "சார், சந்தைய முடிச்சு வைங்க. முடிஞ்சாத்தான் அவரு பொறுப்பு தீரும். நீங்க சொன்னாத்தான் அது நெசம்."

பேரூராட்சிச் சந்தையை நேரத்துக்கு முன்னால் முடிக்க வேண்டுமானால் மன்றத்தில் தீர்மானம் போட்டு, மேலே எழுதி, பதில் வர வேண்டும். இதையெல்லாம் விதிப்படி செய்துதான் ஹாலாஸ்யத்துக்கு முடி நரைத்தது. அவர் ஆற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மஞ்சள் குடத்தைக் கீழே வைத்தார். "முடிஞ்சது. சந்தை முடிஞ்சது. நான் சொல்றேன், போடு," என்றார். எந்த ஆணைக்கும் இணங்காமல், எவர் வழிகாட்டுதலும் இல்லாமல் அவர் சொன்ன ஒரே உத்தரவு அதுதான். 'சந்தை முடிந்தது' என்று ரூபினா அடித்தாள். இந்தச் செய்தி என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியாது.

மேட்டில் நின்றவர்கள் படிக்கப் படிக்க, அவரவர் சரக்கு மூட்டையாகக் கட்டப்பட்டு அவரவர் தலைக்கு வந்தது. வளையல்காரிக்கு வளையல் பெட்டி, பொரிக்காரருக்குப் பொரி மூட்டை, மடித்த தார்ப்பாயும் கழியும் உட்பட. ராமக்காளின் தலையில் முட்டைக் கூடை ஒரு விரிசல் இல்லாமல் இறங்கியது. அவள் ஒரு கையால் கூடையையும் மறு கையால் குடத்தையும் பிடித்துக்கொண்டு வரிசையில் தன் இடத்தை விடாமல் நின்றாள். கீழே, ஒவ்வொருவர் படிக்கும்போதும் ஒவ்வொரு கடை இல்லாமல் போனது. பரீத் இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் மணல், அந்தப் பக்கம் பார்த்தால் இந்தப் பக்கம் மணல். கடைசியில் அவனுடைய தலையணைகளும், பக்கத்தில் அழகுபாண்டியின் இரும்புக் கடையும் மட்டும் மிஞ்சின. பரீத் அந்த இரும்புக் கடை ஓரமாகப் போய்க் காவலுக்கு நின்றான்.

அழகுபாண்டி அருவாள், மண்வெட்டி, கடப்பாரை விற்கிறவர். லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நாலாவது வார்டோடு மல்லுக்கு நின்றார். சட்டைப் பைக்குள் கிடந்த போனை அவர் தொடவே இல்லை. ரூபினா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், கேட்காமலேயே அவர் பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "அண்ணே, படிங்க!"

"என்னம்மா இது, கண்ணாடி கடையிலதான கெடக்கு. நீயே படிச்சுச் சொல்லு."

படித்துச் சொன்னால் நடக்காது, அவரவர் கண்ணால் படிக்க வேண்டும். ராமக்காள் முட்டைக் கூடையைப் பிடித்த கையை விட்டு, தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினாள். அது அவருக்குச் சரியாக ஒத்துவரவில்லை. போனை எட்டவும் கிட்டவும் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். மேற்கே இப்போது இரைச்சல் கேட்டது. மேட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. சண்டை நின்றது. "சந்... தை... முடிஞ்... முடிந்தது," என்று அழகுபாண்டி படித்து முடித்தார். அவ்வளவு இரும்பும் அவர் தலையில் இறங்காமல், காலடியில் ஒரு பெரும் சத்தத்தோடு இறங்கியது. செய்திக்கு அந்த அளவுக்கு விவரம் இருந்தது.

கீழே பரீத் சுற்றும் முற்றும் பார்த்தான். பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. மேலே அழகுபாண்டி இரண்டு கையையும் தூக்கி, போதும் வா என்று ஆட்டுவது தெரிந்தது. இரைச்சல் அவன் காதிலும் விழுந்தது. தன் சரக்குக்கு அவன் யாரிடமும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. கல்லா டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓடவும் இல்லாமல் நடக்கவும் இல்லாமல் ஒரு வேகத்தில் வந்து, படியேறினான். அவன் கடைசிப் படியில் கால் வைத்தபோது, அவன் நின்றிருந்த இடத்தின் மேல் செம்மண் நிறத்தில், மரங்களையும் முள்ளையும் புரட்டிக்கொண்டு, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் வைகை போயிற்று.

"மாப்ள, கடையப் பாத்துக்கன்னா இப்பிடியா பாப்ப?" என்றார் அழகுபாண்டி. ராமக்காள் குடத்துத் தண்ணீரை ஒரு சொம்பில் ஊற்றிப் பரீத்துக்குக் கொடுத்தாள். அவன் அண்ணாந்து குடித்துவிட்டு, ஆற்றைத் திரும்பிப் பார்த்து, "எம்புட்டு தண்ணி!" என்றான். அவ்வளவுதான், ஊருக்கு நினைவு வந்துவிட்டது. தலைச் சுமையோடும் நிறை குடத்தோடும் எல்லோரும் மேட்டு விளிம்பில் வரிசையாக நின்று ஆற்றைப் பார்த்தார்கள். ஹாலாஸ்யமும் பார்த்தார், ரூபினாவும் பார்த்தாள். ஊரார் முன்னிலையில் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தவள், சாயங்காலம் பஸ் ஏறுகிற வரை விடவில்லை. திட்ட வேண்டும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தலையணைகள் அவர்களுக்கு முன்னால் சிம்மக்கல் போய்ச் சேர்ந்தன. இலவம் பஞ்சு என்பதால் முழுகாமல் மிதந்து போயிருக்கின்றன. யானைக்கல் பாலத்தில் வெள்ளம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொக்கி போட்டு இழுத்து, இது நம்ம பரீத் சரக்கு என்று அடையாளம் கண்டு, வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார்கள். மகள் ஃபர்ஹா அவற்றின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். ஆறு வடிந்த பிறகு பேரூராட்சி சந்தையைப் பள்ளிக்கூட மேட்டுக்கு மாற்றியது. குடங்களை யாரும் திருப்பித் தரவில்லை. நல்ல கெட்டியான குடங்கள், இன்னும் ஓட்டை விழவில்லை. மாண்புமிகுக்களை ஹாலாஸ்யம் செய்தியின் அடியில் வைக்கச் சொல்லிவிட்டார். முதலில் உயிர், பிறகு வணக்கம் என்று கோப்பில் எழுதி, கையெழுத்தும் போட்டார். ஓய்வு பெற்ற பிறகும் குழுவில் இருக்கிறார்.

இப்போதும் வியாழக்கிழமை சாயங்காலம் ரூபினா 'சந்தை முடிந்தது' என்று போடுகிறாள். அவரவர் மூட்டை அவரவர் தலைக்கு வந்துவிடுகிறது. சுமை தூக்குகிறவர்கள் மனு கொடுத்தார்கள். அவர்களுக்குப் பேரூராட்சியில் வேறு வேலை கொடுத்தாயிற்று. பரீத் மட்டும் குழுவில் சேரவில்லை. பஞ்சுச் சரக்கு, எதற்கு வம்பு என்கிறான். அவன் மூட்டையை அவனேதான் கட்ட வேண்டும். அதனால் செய்தியைப் போட்ட கையோடு ரூபினா அவனுக்குப் போன் செய்வாள். கல்லா டப்பாவுக்குள் கிடந்த போன் இப்போது சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. முதல் மணியிலேயே எடுத்துவிடுவான்.

"சந்தை முடிஞ்சுச்சு," என்பாள்.

"வாரேன்," என்பான்.